இலவம்பஞ்சு ஸ்டூடியோ

அக்கா மகள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பாட்டில் அவளைத் தவிர எல்லோரும் நன்றாகப் பதிவாகியிருந்தார்கள். மேல்வீட்டில் ஸ்டூலை இழுக்கும் குழந்தை, கீழே டிபன் கடையின் கிரைண்டர், நெடுஞ்சாலையில் கியர் மாற்றும் லாரி, கூடூர் பக்கம் போகும் கூட்ஸ் வண்டியின் ஹார்ன். இத்தனைக்கும் அடியில் விடாமல் ஒரு சீலிங் ஃபேன். அவளோ எங்கேயோ கிணற்றடியில் நின்று மோகனம் பாடிக்கொண்டிருந்தாள்.

நாயுடுபேட்டை வாய் மூடி இருக்க முடியாத ஊர். சென்னையிலிருந்து கொல்கத்தா போகும் 16ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஊரை ஒட்டிப் போகிறது. திருப்பதி ரோடு இங்கேதான் பிரிகிறது. சென்னை-கூடூர் ரயில் பாதையும் இதன் வழியேதான். 2022 ஏப்ரலில் நெல்லூர் மாவட்டத்திலிருந்து பிரித்துத் திருப்பதி மாவட்டத்தில் சேர்த்தார்கள். லாரிகளுக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை. மாப்பிள்ளைக்கு மேனகூரு தொழிற்பேட்டையில் வேலை. இரண்டாவது மாடியில் வாடகை ஃபிளாட். ஒரு போட்டிக்கு அவள் தியாகராஜ கீர்த்தனை ஒன்றைப் பாடி அனுப்ப வேண்டும். கெடு பத்து நாள்.

"ஸ்டூடியோன்னா நெல்லூர், இல்ல திருப்பதி போகணும் மாமா. கைக்குழந்தையை வெச்சிக்கிட்டு எங்க போறது? வீட்லயே முடியாதா?"

முடியும் என்று சொல்லிவிட்டேன். நான் ஒலிப்பதிவாளன் இல்லை. அந்தத் தொழில்மேல் வெகுநாளாக ஆசை உள்ளவன், அவ்வளவுதான். ஒரு மைக், ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், கொஞ்சம் வயர் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு சென்னையில் ரயில் ஏறினேன்.

போய் உட்கார்ந்ததும் அவள் கேட்டதுதான் நல்ல கேள்வி. "பாடறப்ப எனக்கு ஃபேன் சத்தமே கேக்கலையே. இதுல மட்டும் எப்படி இவ்ளோ கேக்குது?"

கேட்டிருக்கிறது. மூளை அதைக் கழித்துவிட்டது. கல்யாணப் பந்தியில் இருநூறு பேர் பேசும்போதும், நாகஸ்வரம் முழங்கும்போதும், பக்கத்து இலைக்காரர் ரசம் கேட்பது நமக்குத் தனியாகக் கேட்கிறது. காலின் செர்ரி என்ற ஆங்கிலேயர் இதை 1953ல் சோதனை வைத்து ஆராய்ந்தார். இரண்டு காதுகள் இருப்பது இதில் பெரிய சௌகரியம். இடப்பக்கத்துச் சத்தம் வலக்காதுக்குக் கொஞ்சம் தாமதமாகப் போய்ச் சேரும். விநாடியில் லட்சத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தைக்கூட மூளை பிடித்துவிடும். எது எந்தத் திசை என்று பிரித்து, வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடும். அடுத்த கல்யாணத்தில் ஒரு காதை விரலால் அடைத்துப் பாருங்கள், பந்தி கூச்சலாகிவிடும். மைக்குக்கு அந்த ஒற்றைக் காதுதான், அதற்குப் பின்னால் மூளையும் இல்லை. காற்றில் வந்த அழுத்தத்தை அப்படியே மின்சாரமாக்கிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கும். அதன் கணக்கில் மோகனமும் கிரைண்டரும் ஒரே சாதி.

ஒலிப்பதிவின் ஆரம்பத்தில் இந்தத் தொல்லை கிடையாது. 1902 நவம்பரில் கிராமஃபோன் கம்பெனியின் ஃப்ரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பதிவு செய்தது ஸ்டூடியோவில் அல்ல, ஹோட்டல் அறையில். தகரக் கூம்புக்குள் முகத்தைக் கொடுத்துப் பாட வேண்டும். குரலின் பலமே ஊசியை அசைத்து மெழுகைக் கீறும். மின்சாரத்துக்கு அதில் வேலையே இல்லை. தெருவில் போகிற டிராம் வண்டியால் அந்த ஊசியை அசைக்க முடியாது, அவ்வளவு மந்தமான காது. கௌஹர் ஜான் மூன்று நிமிடத்துக்குள் பாடி முடித்து, கடைசியில் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். ஜெர்மனியில் தட்டு அச்சடிப்பவருக்கு லேபிளில் யார் பெயரைப் போடுவது என்று தெரிய வேண்டுமே.

1925 வாக்கில் மின் ஒலிப்பதிவு வந்தது. காது கூர்மையானது, வம்பும் கூடவே வந்தது. பேசும் படம் வந்த புதிதில் சென்னை ஸ்டூடியோக்களில் சூரிய வெளிச்சத்தில்தான் படப்பிடிப்பு, பாட்டும் அங்கேயே பாடியாக வேண்டும். காக்கை கரைந்தால் டேக் போச்சு. காக்கைகளை விரட்டவென்றே துப்பாக்கியோடு ஆள் வைத்திருந்ததாகப் பழைய சினிமாக்காரர்கள் கதை சொல்வார்கள். 1938ல் ஏ.வி. மெய்யப்பன் தயாரித்த ‘நந்தகுமார்’ படத்தில் பின்னணிப் பாட்டு வந்த பிறகு குரலை மூடிய அறைக்குள் கொண்டுபோனார்கள். தடித்த சுவர், இரட்டைக் கதவு, சிவப்பு விளக்கு.

பிறகு குரல் வீட்டுக்கே திரும்பியது. கோடம்பாக்கத்தில் ஏ.ஆர். ரஹ்மான் தன் வீட்டுக் கொல்லைப்புறத்தில் கட்டிய பஞ்சதன் ரெக்கார்ட் இன்னிலிருந்துதான் 1992ல் ‘ரோஜா’ வந்தது. ராத்திரியில்தான் அங்கே வேலை நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. 2020 ஊரடங்கில் இருநூறுக்கும் மேற்பட்ட பாடகர்கள் அவரவர் வீட்டிலிருந்தே பாடி ‘ஜயது ஜயது பாரதம்’ என்ற ஒரே பாட்டைச் சேர்த்துக் கொடுத்தார்கள். இந்த வட்டாரத்துப் பிள்ளையான எஸ்.பி. பாலசுப்ரமணியமும் அதில் உண்டு. ஆயிரக்கணக்கான பாட்டுகளை ஸ்டூடியோவில் பாடியவரும் அந்த வருஷம் வீட்டில் மைக் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

சரி, எங்கள் இரண்டாவது மாடிக்கு வருவோம்.

முதலில் செய்தது காசில்லாத வேலை. மைக்கைக் கிட்டே நகர்த்தினேன். அவள் ஃபோனை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி உட்கார்ந்து பாடியிருக்கிறாள். தூரம் பாதியானால் குரல் நான்கு மடங்கு வலுக்கும். இன்னொரு தடவை பாதியாக்கினால் பதினாறு மடங்கு. ஆனால் அறை முழுக்க ஊறிக்கிடக்கும் ஃபேன் சத்தமும் லாரிச் சத்தமும் எங்கே வைத்தாலும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆக, இரண்டடியை அரையடி ஆக்கினால் சத்தத்துக்கு எதிராகப் பாட்டின் பலம் பதினாறு மடங்கு கூடுகிறது. ஒலிப்பதிவாளர்கள் இதை 12 டெசிபெல் என்பார்கள். அந்த 12 டெசிபெல்லைப் பணம் கொடுத்து வாங்கப் போனால் வீட்டுக்காரர் சுவரை இடிக்கச் சம்மதிக்க வேண்டியிருக்கும்.

இன்னும் கிட்டே போகலாமே என்றால், உதடு தடுக்கிறது. ‘ப’ சொல்லும்போது உள்ளங்கையை வாய்க்கு நேரே பிடித்துப் பாருங்கள். தமிழ் ‘ப’வில் அவ்வளவாகக் காற்று வராது. கீர்த்தனையோ தெலுங்கு, வர்க்க எழுத்துகள் வரும் இடத்திலெல்லாம் மூச்சு குபீரென்று வந்து மைக்கின் மெல்லிய சவ்வை அறைந்து ‘டப்’ என்னும். அக்கா மகளிடம் எம்பிராய்டரி வளையம் ஒன்று சும்மா கிடந்தது. பழைய நைலான் காலுறையை அதில் இழுத்து மாட்டி மைக்குக்கு நான்கு விரற்கடை முன்னால் நிறுத்தினோம். வீசும் காற்று நைலான் இழைகளில் மோதிச் சிதறிவிடும். ஒலி அலை தடங்கலில்லாமல் போய்விடும். கடையில் விற்கும் பாப் ஃபில்டரும் இதே சங்கதிதான். மைக்கையும் வாய்க்கு நேரே வைக்காமல் கன்னத்துப் பக்கம் கொஞ்சம் ஒதுக்கினேன்.

பாடுபவர்கள் வாங்கும் மைக்குகளில் பெரும்பாலானவை கார்டியாய்ட் வகை. முன்னால் வருவதைக் கேட்கும், முதுகுப் பக்கம் செவிடு. அது எப்படிச் செவிடாகிறது என்பதுதான் எனக்கு எப்போதும் ஆச்சரியம். உள்ளே தடுப்பு எதுவும் கிடையாது. சவ்வின் பின்புறமும் காற்றுக்குத் திறந்தே இருக்கிறது. ஆனால் அந்தப் பின்வழியை வேண்டுமென்றே கொஞ்சம் சுற்று வழியாக்கியிருக்கிறார்கள். முதுகுப் பக்கமிருந்து வரும் அலை மைக்கைச் சுற்றி முன்பக்கம் போய்ச் சேர எவ்வளவு நேரமோ, அதே நேரத்தில்தான் பின்வழியாகவும் சவ்வை எட்டும். இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் ஒரே பலத்தில் தள்ளினால் சவ்வு எந்தப் பக்கம் நகரும்? சத்தத்தைச் சத்தத்தாலேயே அடக்கிவிடுகிறார்கள்.

அதனால் மைக்கின் முதுகை ரோட்டுப் பக்க ஜன்னலுக்குக் காட்டினோம். அப்படியானால் பாடுபவள் ஜன்னலைப் பார்த்து உட்கார வேண்டும். மைக் அவளைப் பார்க்கும், அவளைத் தாண்டி அவள் முதுகுக்குப் பின்னால் இருக்கிற சுவரையும் பார்க்கும். லாரிச் சத்தம் அந்தச் சுவரில் பட்டுத் திரும்பி மைக்கின் நல்ல காதுக்குள் நேரே நுழைகிறது. மைக்கின் பின்னால் வைக்க வளைந்த நுரைத் தட்டிகள் விற்கிறார்கள், பலர் வாங்குகிறார்கள். என் அபிப்பிராயத்தில் அந்தப் பணத்துக்கு ஒரு ரஜாய் வாங்கிப் பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் தொங்கவிடலாம்.

ரஜாய்க்குப் பின்னால் ஒரு பெரிய ஆள் இருக்கிறார். 1895ல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய விரிவுரை மண்டபம் ஒன்றில் பேராசிரியர்கள் பேசுவது யாருக்கும் விளங்கவில்லை. ஒரு சொல்லின் எதிரொலி அடங்க ஐந்தரை விநாடி ஆயிற்று. அதற்குள் பத்துப் பதினைந்து சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். இதைச் சரிசெய்யும் வேலை வாலஸ் சாபின் என்ற இளம் இயற்பியல் ஆசிரியர் தலையில் விழுந்தது. பக்கத்து நாடக அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை அள்ளி வருவார், ஆர்கன் குழாயை ஊதி நிறுத்துவார், ஓசை அடங்கும் நேரத்தைக் கடிகாரத்தில் குறிப்பார். மெத்தை கூடக் கூட நேரம் குறைந்தது. எல்லாம் நள்ளிரவுக்குப் பிறகு, தெரு அடங்கிய பின். விடியும் முன் மெத்தைகளைத் திருப்பி வைத்துவிட வேண்டும். அவர் கண்டுபிடித்த சூத்திரத்தில்தான் இன்றைக்கும் அரங்கம் கட்டுகிறார்கள். 1900ல் திறந்த பாஸ்டன் சிம்ஃபனி ஹால் அவர் கணக்கின்படி எழுந்தது.

அந்தச் சூத்திரத்தை எங்கள் பத்துக்குப் பன்னிரண்டு அறைக்குப் போட்டுப் பார்த்தேன். பத்தடி உயரத்துடன் கன அளவு 34 கன மீட்டர். சுவர், தரை, கூரை சேர்த்து 63 சதுர மீட்டர். சிமெண்ட் பூச்சும் டைல்ஸும் தம்மேல் படும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்கு விழுங்கினால் பெரிது. காலி அறையில் ஓசை அடங்க 2.9 விநாடி. கிணற்றடியில் பாடியது போல் கேட்டதற்கு இதுதான் காரணம். பாத்ரூமில் பாடினால் எல்லோரும் பாடகராவதும் இதனால்தான். இனி 15 சதுர மீட்டருக்கு மெத்தையும் ரஜாயும் மாட்டி, அவை படுவதில் பாதிக்கு மேல் விழுங்கும் என்று வைத்தால் அரை விநாடி.

வீட்டில் அக்கா சீராகக் கொடுத்த இலவம்பஞ்சு மெத்தை இரண்டு இருந்தன. பஞ்சு ஒலியை எப்படித் தின்கிறது? காற்றுத் துகள்கள் இழைகளுக்கு நடுவே முன்னும் பின்னும் ஓடும்போது உராய்ந்து சூடாகின்றன. கைக்குத் தெரியாத சூடு, மோகனத்தின் வெப்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் காற்று அசைந்தால்தானே உராயும்? சுவரை ஒட்டிய இடத்தில் காற்றால் அசைய முடியாது. சுவரிலிருந்து அலைநீளத்தில் கால் பங்கு தள்ளிய இடத்தில்தான் அது அதிகமாக அசையும். அதனால் மெத்தையைச் சுவரோடு ஒட்டிச் சாய்ப்பதைவிட ஒரு சாண் இடைவெளி விட்டுத் தொங்கவிட்டால் இன்னும் கீழான சுரங்களையும் அது பிடிக்கும். துணி காயப்போடும் கொடியைக் குறுக்கே இழுத்துக் கட்டினோம். பீரோவைத் திறந்து வைத்தோம். உள்ளே மடித்தும் தொங்கியும் இருந்த புடவைகளைவிட நல்ல ஒலியுறிஞ்சி கடையில் கிடைக்காது. மூடிய பீரோ மோசம். அவள் ஒரு சுரத்தை நீட்டியபோது அதன் கதவும் கூடவே பாடியது.

இதில் பலர் ஏமாறுகிறார்கள். மெத்தை அறைக்குள் எழும் எதிரொலியைத் தின்னும். வெளியிலிருந்து வரும் லாரியை நிறுத்தாது. முட்டை அட்டை இரண்டுக்கும் உதவாது. லாரியை நிறுத்த கனம் வேண்டும், ஓட்டையும் இருக்கக் கூடாது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஒலியின் ஆற்றலில் ஏறக்குறைய லட்சத்தில் ஒரு பங்கைத்தான் உள்ளே விடும். அதே சுவரில் நூற்றில் ஒரு பங்கு இடம் திறந்திருந்தால் நூற்றில் ஒரு பங்கு ஒலி அதன் வழியே வந்துவிடும். லட்சத்தில் ஒன்றுக்காகக் கொத்தனார் பட்ட பாடெல்லாம் சமையலறை வென்டிலேட்டரில் போய்விடும். தள்ளு ஜன்னலின் அலுமினியச் சட்டத்தில் பென்சில் நுழையும் இடைவெளி. வேட்டியைக் கிழித்துத் திரித்து அதில் திணித்தோம். கதவடியில் ஈரத்துண்டு. காதுக்கே வித்தியாசம் தெரிந்தது.

மிஞ்சியது லாரியின் அடிக்குரல். கனமான சுவரும் அதைத் தடுக்கத் திணறும். இந்த ஊர்க்காரர்களுக்கு இதற்கு நல்ல உதாரணம் உண்டு. இங்கிருந்து காக்கை பறக்கும் வழியில் சுமார் 40 கிலோமீட்டரில் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் கிளம்பினால் மொட்டை மாடியில் நின்று பார்க்கலாம். நெருப்பு ஏறி மேகத்துக்குள் மறைந்தபின், காற்று வாகாக இருந்தால், ஏறக்குறைய இரண்டு நிமிடம் கழித்து ஒரு உறுமல் வந்து சேரும். கிளம்பும் இடத்தில் அது படபடவென்று வெடிக்கும் ஓசை; வழியில் காற்று அதன் மேல்சுரங்களையெல்லாம் தின்றுவிட்டு அடிச்சுரத்தை மட்டும் அனுப்புகிறது. சுவர் செய்வதும் ஏறக்குறைய அதேதான்.

இங்கே எங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம். அவள் சுருதி ஐந்தரைக் கட்டை. ஆதார ஷட்ஜம் விநாடிக்கு 208 அதிர்வு. கீர்த்தனையில் அவள் தொடும் மிகக் கீழான சுரம் மந்திர பஞ்சமம், 156. லாரியின் உறுமல் பெரும்பாலும் நூறுக்குக் கீழே. ஆக, நூறுக்குக் கீழே எதுவும் வேண்டாம் என்று லோ-கட் பொத்தானை அழுத்தினால் உறுமல் பெருமளவு போய்விடும், பாட்டில் ஒரு சுரமும் குறையாது. ஒரு கட்டையில் பாடும் ஆணாக இருந்தால் மந்திர பஞ்சமமே 98க்கு வந்துவிடும். அப்போது லாரிக்கும் வித்வானுக்கும் வழக்கு.

கிரைண்டர் வேறு ரகம். அது காற்று வழியாக வரவில்லை, கட்டடத்தின் எலும்பு வழியாக வந்தது. கான்கிரீட்டில் ஒலி காற்றைப் போலப் பத்து மடங்கு வேகத்தில் ஓடும். தரையிலிருந்து மைக் ஸ்டாண்டின் காலில் ஏறிச் சவ்வுக்குப் போய்விடுகிறது. மாப்பிள்ளை கீழே போய்ப் பழைய ஸ்கூட்டர் டியூப் ஒன்று கொண்டுவந்தார். அரைக் காற்று அடித்து, மேலே பலகை வைத்து, அதன்மேல் ஸ்டாண்ட். மைக் மிதந்தது. டிபன் கடைக்காரரிடம் மாவு எப்போது அரைப்பார் என்றும் கேட்டு வந்தார்: விடிகாலை நாலு மணி.

அப்படியென்றால் இரண்டிலிருந்து நாலு வரை நம்முடையது. இரவில் இன்னொரு வேடிக்கை. தரை குளிர்ந்து, மேலே காற்று வெதுவெதுப்பாக இருக்கும்போது, ஒலி மேலே போய்த் தப்பாமல் வளைந்து தரைக்கே திரும்பும். பகலில் கேட்காத தூரத்து ரயில் இரவில் தெளிவாகக் கேட்பது ஊர் அடங்கியதால் மட்டுமல்ல. அதனால் டேக்குகளைக் கூட்ஸ் வண்டிகளுக்கு நடுவே எடுத்தோம். ஃபிரிட்ஜை அணைத்து, வீட்டுச் சாவியை அதற்குள் வைத்தேன். படப்பிடிப்பு ஒலிப்பதிவாளர்களின் தந்திரம் இது. காலையில் சாவியைத் தேடும்போது ஃபிரிட்ஜைப் போட வேண்டும் என்று ஞாபகம் வந்துவிடும். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் ஹெட்ஃபோனில் இருந்த 50 சைக்கிள் முனகல் நின்றது.

"இவ்ளோ எதுக்கு மாமா, சத்தத்தை எடுக்கற ஆப் இருக்கே" என்றாள்.

இருக்கிறது. பத்து விநாடி வெறும் அறைச் சத்தத்தைக் காட்டினால் அதன் கைரேகையை எடுத்துப் பாட்டிலிருந்து கழித்துவிடும். மாறாமல் நின்று ஒலிக்கும் சத்தத்துக்கு அது சரி. ஆனால் பேச்சுக்கென்று பழக்கிய மென்பொருள்கள் இருக்கின்றனவே, அவற்றுக்கு மாறாமல் ஒலிப்பதெல்லாம் இரைச்சல். ஒன்றில் போட்டுக் காட்டினேன். ஃபேனை எடுத்தது, தம்பூராவையும் எடுத்தது. அவள் நிறுத்தி நின்ற தார ஷட்ஜம் நடுவில் கரைந்து காணாமல் போயிற்று. அவள் முகத்தில் வந்த கோபத்தைப் பார்த்து அதை அழித்துவிட்டேன். தம்பூராவை ஹெட்ஃபோனில் மட்டும் கொடுத்துக் குரலைத் தனியாகப் பதிவது என்று முடிவாயிற்று.

மெத்தைக்கூண்டுக்குள் ஃபேன் இல்லாமல் பத்து நிமிடம் தாங்கலாம். ஒரு டேக், வெளியே வந்து முகம் துடைப்பு, தண்ணீர், மறுபடி உள்ளே. இரண்டே முக்காலுக்கு ஐந்தாவது டேக். பக்கத்து அறையில் உட்கார்ந்து ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டிருந்தேன். மூச்சு எடுப்பதும், உதடு பிரிவதும், காந்தாரத்துக்கு வழுக்கி ஏறும் குரலின் ஓரமும் கேட்டன. கடைசிச் சுரத்தை நீட்டி மெல்ல விட்டாள். ஓசை அடங்கும் வரை யாரும் அசையக் கூடாது என்று சொல்லியிருந்தேன், யாரும் அசையவில்லை. ஒரு விநாடி மௌனம்.

அப்புறம், எங்கேயோ டியூப்லைட் பின்னாலிருந்து, துல்லியமாக: ‘த்ச் த்ச் த்ச்’.

பல்லியின் ஓசை குட்டையானது, மேல்சுரத்தில் இருப்பது. எந்த ஃபில்டருக்கும் சிக்காது, கத்தரிக்கோல்தான் வழி. கடைசிச் சுரத்துக்குப் பிறகுதான் வந்தது, ஒரு நொடியில் வெட்டிவிடலாம் என்றேன். அவள் மெத்தையை விலக்கிக்கொண்டு வியர்வையோடு வெளியே வந்தாள், தரையில் மூன்று தடவை விரலால் தட்டினாள்.

"வெட்டாதீங்க மாமா. பல்லி சொல்லியிருக்கு. அப்படியே அனுப்புங்க."